இயக்குநர் (பொறுப்பு)

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு, வராதவர்களெல்லாம் வந்திருந்ததாகக் கதை கட்டக்கூடாது. தலைமை வளாகத்திலிருந்து வந்த முதன்மையர் கனகசபாபதி; அவர்தாம் விசாரணைக் குழுத் தலைவர். அவருக்குப் பக்கத்தில் அறிக்கை எழுத வந்த துணைப் பதிவாளர் ரூபாவதி. எங்கள் வேதியியல் விரிவுரையாளர் அந்தோணி குரூஸ். மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி செந்தூர்க்கனி. அவளுடைய தந்தை ஐயாத்துரை, உப்பளத் தொழிலாளி. ஆறாவதாக நான். கீழமணற்குடி மண்டல வளாக இயக்குநர், முனைவர் பிரம்மசக்தி. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பதவிக்குப் பின்னால் வேறெதுவும் வேண்டாம்.

நீங்கள் வெள்ளி விழா மலருக்காக வந்திருக்கிறீர்கள். உங்கள் கையிலிருக்கும் அச்சுப்படியில் என் படத்துக்குக் கீழே 'இயக்குநர் (பொறுப்பு)' என்று இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். ஆவணத்தில் அப்படித்தான் இருக்கிறது, அம்மா, என்றீர்கள். ஆவணத்தில் ஏன் அப்படி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் உங்களை வீட்டுக்கு வரச் சொன்னேன். நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இடது காது மந்தம்.

நீங்கள் இப்போது வேலை பார்க்கும் வளாகம் வேறு. என் காலத்தில் அது உப்பளத்துக்கும் உடைமரக் காட்டுக்கும் நடுவே மூன்று கட்டடங்கள், அவ்வளவுதான். தலைமை வளாகத்தில் எங்களைக் 'கீழமணல்' என்பார்கள். யாராவது துணைவேந்தரிடம் வாதாடினால், 'என்ன, கீழமணலுக்குப் போறீரா?' என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். தண்டனை மாற்றலுக்கு அதுதான் பெயர். நான் தண்டனையாக வரவில்லை. கேட்டு வந்தேன். தமிழ்த் துறையை அங்கே தொடங்கியவள் நான். பணி மூப்பின்படி இயக்குநர் நாற்காலி எனக்கு வந்தது. வந்த ஆணையில் அந்த அடைப்புக்குறியும் வந்தது.

தற்காலிகம்தான், மேடம், ஆட்சிக்குழு கூடியதும் எடுத்துவிடுவோம் என்றார்கள். ஆறு ஆண்டுகள் எடுக்கவில்லை. பெயர்ப்பலகை எழுத வந்தவரிடம், 'இயக்குநர்' என்பதை எண்ணெய்ச் சாயத்திலும் அடைப்புக்குறியைச் சுண்ணாம்பிலும் எழுதச் சொன்னேன். துடைக்க வசதியாக இருக்கட்டும் என்று. மழைக்காலம் தோறும் அது அழியும். மழைக்காலம் தோறும் அலுவலகத்தில் யாராவது அக்கறையாகத் திரும்ப எழுதிவைப்பார்கள்.

அடைப்புக்குறிக்குள் இருப்பவர் என்ன செய்யலாம்? குடியரசு நாளில் கொடியேற்றலாம். மாணவர் சேர்க்கையில் கையெழுத்திடலாம். கட்டடம், குழாய், மின்சாரம் இவற்றில் பழுது என்றால் தலைமை வளாகத்தின் அனுமதி வேண்டும். எனக்கு முன்னால் அங்கிருந்தவர் ஒரு புவியியல்காரர். அவரும் பொறுப்புதான். வேலையை முதலில் செய்துவிடுவார். அனுமதியைப் பிறகு கேட்பார். அதற்குப் பின்னேற்பு என்று பெயர். தலைமை வளாகமும் முணுமுணுத்துவிட்டுப் பின்னேற்புக் கொடுத்துவிடும். நான் அந்த வழியில் போகவில்லை. அதிகாரத்தைக் கொடு, கொடுத்தபின் வேலையைக் கேள். வேலைக்காரி அடுக்களைச் சாவியைத் திருட்டுத்தனமாக எடுத்து அரிசி போடுவதுபோல ஒரு வளாகத்தை நடத்த முடியாது. நீங்கள் தலையசைக்கிறீர்கள். சரி.

அந்தச் சித்திரையில் நீர்மூழ்கி மோட்டார் கருகிவிட்டது. கீழமணற்குடியில் நிலத்தடி நீர் உப்பு, குடிக்க முடியாது, ஆனால் கழுவ, அலச அதுதான் இருந்தது. மோட்டார் போனதும் குழாய்களில் காற்று வந்தது. அன்றே தலைமை வளாகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டு எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவதில் கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன். அந்தக் கடிதத்தின் நடையை அங்கே பலர் பாராட்டியதாகக் கேள்விப்பட்டேன். மோட்டார் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் குரூஸ் வந்து நின்றார். அவர் தொகுப்பூதியக்காரர். ஆண்டுதோறும் என் பரிந்துரையின் பேரில் பணி நீட்டிப்பு. நல்ல ஆசிரியர், சந்தேகமே இல்லை. ஆனால் கவலைப்படுகிற சுபாவம். கடலோரத்துப் பிள்ளைகள் பொதுவாக அப்படி இருப்பதில்லை. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, ஆய்வகத்தில் தண்ணீர் இல்லை, பழைய சார் செய்ததுபோல நாமே மோட்டாரைக் கழற்றிக் கட்டிவிடலாமா என்று கேட்டார். பழைய சாரின் வழக்கம் வேறு, என் வழக்கம் வேறு என்றேன். அப்படியானால் தேர்வைத் தள்ளிவைக்கக் கேட்கலாமா என்றார்.

இங்கே ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு தலைமை வளாகத்தில், மண்டல வளாகங்களைக் குறைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கீழமணலில் தேர்வு நடத்தக்கூட வக்கில்லை என்ற ஒரு வரி போதும், எங்களை மூடிவிடுவார்கள். ஆகவே தேர்வு குறித்த நாளில் நடக்கும் என்றேன். குரூஸ் நின்றுகொண்டே இருந்தார். "காரம், அமிலமெல்லாம் புழங்குத இடம், மேடம்" என்றார். தெரியும் என்றேன். அவர் போய்விட்டார்.

பிறகு அவரே ஏற்பாடு செய்துகொண்டார். லாரித் தண்ணீர் வரவழைத்து, நீல நிற பிளாஸ்டிக் டிரம்களில் நிரப்பி ஆய்வக வாசலில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குவளை. தேர்வு நாள் காலையில் சுற்றிப் பார்க்கப் போனேன். புறத்தேர்வாளர் தலைமை வளாகத்திலிருந்து வருகிறார். அவர் கண்ணில் முதலில் படுவது இதுவா? கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு மாதிரி இருந்தது. பல்கலைக்கழகத்தின் முகம் இது, பின்புறம் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொண்டுபோனார்கள். தாழ்வாரம் துப்புரவாக இருந்தது. புறத்தேர்வாளர் அதைக் குறிப்பிட்டுச் சொன்னார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு வேதியியல் தெரியாது. குரூஸ் விளக்கியதைச் சொல்கிறேன். உப்புப் பகுப்பாய்வு என்று ஒரு தேர்வு. கொடுக்கிற உப்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்ல வேண்டும். அதில் ஐயாத்துரை மகளை மிஞ்ச ஆளில்லை. உப்பளத்துப் பிள்ளை, நாக்கில் வைத்தே சொல்லிவிடுவாள் என்று ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாளாம். மேற்படிப்பு முடித்து ஆய்வகம் எதிலாவது வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. வெயிலும் உப்புமாய்ப் பட்டுத் தந்தைக்குக் கண் எப்போதும் சிவந்து நீர் வடியும். அவருக்குப் பிறகு குடும்பத்தில் யாரும் பாத்தியில் இறங்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருப்பாளாம். இதெல்லாம் நான் பிற்பாடு அறிந்தது.

அன்று பக்கத்து மேசை மாணவி சோதனைக்குழாயில் காரக் கரைசலை ஊற்றிச் சூடாக்கினாள். குழாயின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பியிருக்க வேண்டும். பதற்றத்தில் மறந்துவிட்டாள். கொதித்து எழும்பித் தெறித்தது. செந்தூர்க்கனி குனிந்து விடைத்தாளில் எழுதிக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். வலது கண்ணில் பட்டது.

காரம் பட்டால் அந்தக் கணமே கழுவ வேண்டுமாம், நிறுத்தாமல் கழுவ வேண்டுமாம். அமிலத்தைவிட அது மோசம், உள்ளே ஊறிக்கொண்டே போகும் என்றார் குரூஸ். தண்ணீர்க் குழாயைத் திறந்திருக்கிறார்கள். பிறகு வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள், பழக்கத்தில். பிறகு கட்டடத்தைச் சுற்றிப் பின்புறம் ஓடியிருக்கிறார்கள். குரூஸ் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் என் அறைச் சன்னலிலிருந்து பார்த்தேன். தேர்வு நேரத்தில் ஓர் ஆசிரியர் மாணவியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும், என்ன ஒழுங்கீனம் இது என்றுதான் முதலில் எண்ணினேன். அப்படித்தானே எண்ணத் தோன்றும்?

மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கண் வெள்ளையாகிவிட்டது.

விசாரணை என் அறையிலேயே நடந்தது. என் நாற்காலியில் கனகசபாபதி உட்கார்ந்தார். நான் பக்கவாட்டில். ஐயாத்துரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் அதைக் கழற்றுவது மரியாதை என்றேன். உடனே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தார். அந்தத் தலைமுறையில் அந்தப் பணிவு இருந்தது.

விசாரணையில் என்ன தீர்மானிக்க வேண்டும்? ஒன்றே ஒன்று. தேர்வை முடிக்காமல் போன மாணவிக்கு மறுதேர்வு உண்டா இல்லையா. ஆய்வக விதிப்படி, விபத்தில் மாணவியின் கவனக்குறைவு இருந்தால் அவள் மறுபடி ஆய்வகத்துக்குள் நுழைய முடியாது. செய்முறைத் தேர்வு இல்லாமல் பட்டமும் இல்லை. வளாகத்தின் மேல் தவறு என்று எழுதினால் அவளுக்கு மறுதேர்வு. ஐயாத்துரைக்கு இது எப்படியோ தெரிந்திருந்தது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"ஐயா, போன கண்ணு போய்ட்டுது. அதுக்கு நான் யாரையும் கேக்க வரல. எம் புள்ள மேல தப்பில்லன்னு ஒரு வார்த்த எழுதுங்க. மிச்சத்த அவ படிச்சு முடிச்சிருவா."

கனகசபாபதி, விதி எதுவோ அதன்படி செய்வோம் என்றார். பிறகு குரூஸைக் கேட்டார். தண்ணீர் எங்கே இருந்தது? பின்புறம் இருந்தது என்றார் குரூஸ். ஆய்வகத் தண்ணீரைக் கட்டடத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னது யார்?

குரூஸ் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்த மாதம்தான் அவருடைய பணி நீட்டிப்புக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தது. அதை ஒரு தகவலாகச் சொல்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாங்கதான் தூக்கி வச்சோம் சார்" என்றார்.

அது உண்மைதான். தூக்கி வைத்தவர்கள் அவர்கள்தாம். நான் ஒரு டிரம்மையும் தொடவில்லை. அந்தப் பெண் அப்போது ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளும் காலையில் அங்கே வரிசையில் நின்றவள். குரூஸ் அவள் பக்கம் லேசாகக் கையைக் காட்டினார், அவள் அடங்கிவிட்டாள். ஆசிரியர் சொல்லுக்கு மாணவர்கள் அடங்கிய காலம் அது.

பிறகு தேநீர் வந்தது. கனகசபாபதி வராந்தாவுக்கு வந்து என்னோடு நின்றார். நான் அன்று எதற்கும் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். மோட்டாருக்காக எழுதிய மூன்று கடிதங்களின் படிகளும் என் கைப்பையில் இருந்தன. தலைமை வளாகத்தின் அலட்சியத்தை முகத்துக்கு நேரே எடுத்துச் சொல்வதாக இருந்தேன். அவரோ வேறு ஏதேதோ பேசினார். என்னை நிரந்தரம் செய்யும் கோப்பு துணைவேந்தர் மேசைக்குப் போய்விட்டது என்றார். "இந்த விசாரணைய நல்லபடியா முடிச்சுட்டம்னா, மேடம், அடுத்த கூட்டத்துல அடைப்புக்குறி போயிரும்" என்றார். நான் நன்றி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்கும் நான் பிறகு சொன்ன பதிலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடிதங்களை வெளியே எடுக்கும் தேவை அதன்பின் எழவில்லை.

உள்ளே வந்ததும் அவர் என்னைக் கேட்டார். தண்ணீர் இல்லாத ஆய்வகத்தில் தேர்வு நடத்த அனுமதித்தது யார்?

நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். கேள்விக்கு உட்கார்ந்தபடி பதில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. தேர்வு நாளைக் குறித்தது தலைமை வளாகம். அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. பழுது பார்க்க எனக்கு அதிகாரமில்லை. ஆய்வகத்தின் அன்றாடம் துறை ஆசிரியரின் கையில் இருக்கிறது. நான் இயக்குநர் அல்லேன் என்றேன்.

"அப்ப இந்த வளாகத்துக்குப் பொறுப்புன்னு யாருமே இல்லையா, மேடம்?"

"பொறுப்பு இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பதை நீக்கிவிட்டுப் படித்தாலும் வாக்கியம் குறைபடக்கூடாது என்பது இலக்கணம். என்னை நீக்கிவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்."

கனகசபாபதி சிரித்துவிட்டார். ரூபாவதியும் சிரித்தார். தமிழில் உங்களை வெல்ல முடியுமா என்றார் முதன்மையர். அந்தப் பதிலைப் பிற்பாடு தலைமை வளாகத்தில் பலர் எடுத்துச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மலரில் சேர்க்கலாம். நன்றாக இருக்கும்.

அதன்பின் வேலை விரைவாக முடிந்தது. பெண் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தாளா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். ஏன்? ஆய்வகத்தில் இருந்தவை உடைந்துவிட்டன, புதிதாக வரவில்லை என்றாள். சொந்தமாக வாங்கி வந்திருக்க வேண்டும், விதியில் இருக்கிறது என்றார் கனகசபாபதி. அப்படி ஒரு விதி இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். கேட்டுக்கொண்டேன்.

ரூபாவதி எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டு, நான் ஒப்பமிட வேண்டி என் பக்கம் தள்ளினார். 'துறை ஆசிரியரின் மேற்பார்வைக் குறையாலும் மாணவியின் கவனகுறைவாலும்' என்று எழுதியிருந்தார். நான் பேனாவை எடுக்கவில்லை. இதில் ஒரு பிழை இருக்கிறது என்றேன்.

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. ஐயாத்துரை நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். துண்டு கையிலேயே நின்றுவிட்டது. குரூஸ் நிமிர்ந்தார். அந்தப் பெண் முகத்தை முழுவதுமாகத் திருப்பினாள். வலது கண்ணில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்ததால் அவள் அப்படித் திரும்பினால்தான் என்னைப் பார்க்க முடியும். நானும் அன்றுதான் அவளை நேராகப் பார்த்தேன். ஒல்லியான முகம்.

"'கவனக்குறைவு' என்பதில் க் வரும்" என்றேன். "ஒற்று விட்டுப்போயிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் அறிக்கையில் ஒற்றுப்பிழை இருக்கக்கூடாது."

ரூபாவதி மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார். நான் ஒப்பமிட்டேன்.

குரூஸுக்கு அந்த ஆண்டு பணி நீட்டிப்பு இல்லை. நான் பரிந்துரைக்கத் தயாராகத்தான் இருந்தேன். அறிக்கை அப்படி இருக்கையில் எப்படிப் பரிந்துரைப்பது? வீரபாண்டியன்பட்டினத்தில் டியூஷன் எடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பிழைத்துக்கொள்வார். எனக்கு நடந்ததைப் பாருங்கள். அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் என் கோப்பு எடுக்கப்படவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கனகசபாபதியைத் தொலைபேசியில் அழைத்தேன். "நீங்களே, நான் இயக்குநர் இல்லைன்னு விசாரணையில சொல்லியிருக்கீங்களே, மேடம். அறிக்கையில பதிவாயிருக்கு. அத வச்சுக்கிட்டு எப்படி நிரந்தரம் பண்றது?" என்று கேட்டார். வாக்குக் கொடுத்த மனிதர் பேசுகிற பேச்சா இது? நான் சொன்னது இலக்கண விளக்கம். அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த அடைப்புக்குறியோடுதான் ஓய்வு பெற்றேன். இப்போது உங்கள் மலரிலும் அதே அடைப்புக்குறி. நீங்களே சொல்லுங்கள், ஆறு ஆண்டுகள் அந்த வளாகத்தை நடத்தியவள் யார்? முழுப் பொறுப்பும் சுமந்தவள் யார்?

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? இதை எழுதத்தானே வந்தீர்கள்? இன்னும் கொஞ்சம்தான். அந்தப் பெண்ணுக்கு நான் எதுவும் செய்யவில்லை என்று வளாகத்தில் இன்றும் பேசுவதாகக் கேள்வி. அதை மட்டும் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

ஒப்பமிட்டு முடிந்ததும் ஐயாத்துரை எழுந்து, "அப்ப என்னம்மா செய்ய?" என்று என்னைத்தான் கேட்டார். முதன்மையரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். ஆகவே நான் அந்தப் பெண்ணை அருகில் அழைத்தேன். வரவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தாள். மூன்று ஆண்டுப் படிப்பு வீணாக வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. என் துறையில் அந்த ஆண்டு இடங்கள் காலியாக இருந்தன.

"கனி, வருகிற ஆடியில் தமிழ்த் துறையில் முதலாண்டு சேர்ந்துவிடு" என்றேன். "யாரையும் கேட்க வேண்டியதில்லை. சேர்க்கை என் அதிகாரம். கண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. தமிழ் படிக்க ஒரு கண் போதும்."

எத்தனை பேர் அப்படிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்?

அவள் எழுந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். ஐயாத்துரை, "ஏ, அம்மாவுக்கு ஒரு வணக்கம் வச்சிட்டுப் போட்டீ" என்றார். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு திரும்பினாள். வலப்பக்கம் தெரியாததால் மேசை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டாள். குரூஸ் கை நீட்டினார். அவள் அதைப் பிடிக்கவில்லை. சுவரை இடது கையால் தொட்டுத் தொட்டுக் கதவு வரைக்கும் போனாள், அப்படியே வெளியே போனாள்.